நான்கில் எது சரி? தேர்வு எழுதுபவர்களின் கேள்விகள்

நீட் தேர்வில் தெரியாத கேள்வியை விட்டுவிடலாமா, குத்துமதிப்பாக அடிக்கலாமா?
– மாணவி, தர்மபுரி

கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். சரியென்றால் 4, தப்பென்றால் மைனஸ் 1. கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் கேள்விக்குச் சராசரியாகக் கால் மதிப்பெண்தான் தேறும். அதை நம்பி இறங்க வேண்டாம். ஆனால் இரண்டு விடைகள் நிச்சயம் தப்பு என்று தெரிந்தால் சராசரி ஒன்றரை. அப்போது விடுவதுதான் நஷ்டம். யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வில் தப்பான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள், குருட்டாம்போக்கில் அடித்தால் சராசரி பூஜ்ஜியம். டிஎன்பிஎஸ்சி குரூப் 4-இல் தவறான விடைக்குக் கழிப்பு இல்லை. அங்கே தயங்கவே தயங்காதீர்கள்.

ஒரு கூற்றையும் ஒரு காரணத்தையும் கொடுத்து, காரணம் கூற்றுக்குச் சரியான விளக்கமா என்று கேட்கும் ‘கூற்று–காரணம்’ கேள்வி வந்தாலே குழம்புகிறேன்.
– குரூப் 4 எழுதுபவர், திண்டுக்கல்

இரண்டையும் தனித்தனியாகப் படித்துச் சரியா தப்பா என்று முதலில் குறியுங்கள். இரண்டும் சரியென்றால் மட்டும் நடுவில் ‘ஏனென்றால்’ போட்டு வாசியுங்கள். “கடல்நீர் உப்பாக இருக்கிறது, ஏனென்றால் நிலவின் ஈர்ப்பால் ஓதம் உண்டாகிறது.” இரண்டும் உண்மை, ஆனால் ஒட்டவில்லை. “வானம் நீலமாகத் தெரிகிறது, ஏனென்றால் அலைநீளம் குறைந்த நீல ஒளி அதிகம் சிதறுகிறது.” இது ஒட்டுகிறது. பலர் சறுக்குவது, இரண்டும் சரி என்றதுமே ‘சரியான விளக்கம்’ என்று அடித்துவிடும் அந்த அவசரத்தில்தான்.

பாடத்தை நாலு தடவை படித்தும் நான்கு விடைகளும் சரி போலவே தெரிகின்றன. ஏன்?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

திரும்பத் திரும்பப் படித்தால் பாடம் பழகிப்போகும், பழகியது தெரிந்தது மாதிரி இருக்கும். தவறான விடைகளிலும் பழகிய சொற்கள்தானே இருக்கின்றன! அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள்; ஒரு வாரம் கழித்தோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான். அதனால் பழைய வினாத்தாளில் விடைகளைக் கையால் மறைத்து, பதிலை முதலில் நீங்களே சொல்லுங்கள். அப்புறம் கையை எடுங்கள். மற்ற மூன்றும் ஏன் தப்பு என்று ஒவ்வொரு வரியில் எழுதுங்கள். நேரம் பிடிக்கும், ஆனாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

முதலில் தோன்றிய விடையை மாற்றக் கூடாதாமே?
– வாசகி, திருவாரூர்

இது பலரும் நம்பும் தவறான எண்ணம். விடை மாற்றியவர்களில் இழந்தவர்களைவிடப் பயனடைந்தவர்களே அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாற்றக் காரணம் இருந்தால் மாற்றுங்கள், வெறும் பதற்றத்துக்காக வேண்டாம். ஆனால் ஓஎம்ஆர் தாளில், அதாவது வட்டங்களை நிரப்பும் விடைத்தாளில், பேனாவால் நிரப்பிவிட்டால் போச்சு, மாற்ற முடியாது. சந்தேகமானதை வினாத்தாளில் மட்டும் குறித்து வைத்து, திரும்பி வந்து முடிவெடுத்த பிறகு நிரப்புங்கள்.