கோயில் திருவிழாவில் ஒலி மிக்சரை இயக்குகிறேன். வெயிலில் அதன் திரை தெரியவில்லை, கழுத்தும் வலிக்கிறது. என்ன செய்யலாம்?

குடியாத்தம் கெங்கையம்மன் கோயில் சிரசுத் திருவிழாவையே எடுத்துக்கொள்ளுங்கள், அது வைகாசி 1-ஆம் தேதி. அந்த வெயிலில் திரையில் நம் முகம்தான் தெரியும்! பிரைட்னஸை ஏற்றினால் மட்டும் போதாது. திரையின் மூன்று பக்கமும் அட்டை நிறுத்தி, உள்ளே கறுப்புத் துணி ஒட்டுங்கள். காற்றுத் துளைகளை மூடிவிடாதீர்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டிருந்தால் கழற்றிப் பாருங்கள், சில எல்சிடி திரைகள் அதில் இருண்டுவிடும்.

கழுத்து வலிக்கு, மேசை உயரத்தைப் பாருங்கள். நிற்கும்போது முழங்கை மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஃபேடர்கள் (ஒலியைக் கூட்டிக் குறைக்கத் தள்ளும் பொத்தான்கள்) இருக்கட்டும். மிக்சரின் பின்பக்கம் கட்டை கொடுத்துச் சாய்த்தால் அவ்வளவாகக் குனிய வேண்டியதில்லை. அடிக்கடி தொடும் நாதஸ்வரம், தவில், பாட்டு மைக்குகளின் ஃபேடர்களை மிக்சரின் நடுவில் கொண்டுவாருங்கள். அப்புறம், ஒவ்வொரு ஃபேடருக்குக் கீழேயும் வெள்ளை டேப் ஒட்டி, தடித்த மார்க்கரில் ‘தவில்’ என்பதுபோல் பெயரை எழுதிவிடுங்கள். திரை மங்கினாலும் அந்த எழுத்து பளிச்சென்று தெரியும்.