மாத்திரை போட்டும் டிஎஸ்எச் குறையவில்லை என்றால்

வணக்கம். அம்மா மூன்று மாதமாகத் தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்ஸினை 75 மைக்ரோகிராம் போட்டும், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் 9.2-லேயே நிற்கிறது, டோஸைக் கூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் காலை வழக்கத்தைப் பாருங்கள். மாத்திரை போட்ட பத்தாவது நிமிடம் காபி, கூடவே கால்சியம் மாத்திரை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான்.

கால்சியம் குடலிலேயே தைராக்ஸினைப் பிடித்துக்கொள்ளும்; இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான். ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் போதவில்லை என்றால் மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சும்மா இருக்காது. "இன்னும் சுரந்து தா" என்று தைராய்டை விரட்ட டிஎஸ்எச்சைக் கூட்டிக்கொண்டே போகும். ரிப்போர்ட்டில் நீங்கள் பார்ப்பது அந்த விரட்டலைத்தான்.

எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு மாத்திரை. காபி, டிபன் எல்லாம் ஒரு மணி நேரம் கழித்து. கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்குத் தள்ளுங்கள். நான்கு மணி நேர இடைவெளி கட்டாயம். மாத்திரை டப்பா அடுப்பு மேடையில் இருந்தால் எடுத்துவிடுங்கள், சூட்டில் வீரியம் போய்விடும்.

அடுத்த வாரமே ரத்தம் கொடுக்காதீர்கள். தைராக்ஸின் உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள் ஆகும். ரத்தத்தில் அதன் புது அளவு நிலைப்பட 6 வாரமாவது வேண்டும். முடிக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால் சோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்தச் சொல்லுங்கள், டிஎஸ்எச்சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டிவிடலாம்.

தயவுசெய்து டோஸை நீங்களாகக் கூட்டாதீர்கள். அதிகமானால் படபடப்பும் எலும்புத் தேய்மானமும் வரலாம். நேரத்தை மாற்றியும் டிஎஸ்எச் குறையாவிட்டால் இந்த நேர விவரத்தோடு டாக்டரிடம் போங்கள்.