ஒரே எதிரி மீண்டும் வரலாமா?

கேள்வி: 2022இல் வெளிவந்த 'எல்டன் ரிங்' வீடியோ கேமில் ஒரே எதிரிகள் திரும்பத் திரும்ப வருவது குறை அல்லவா?

பதில்: வருகிற இடத்தைப் பொறுத்தது. அதை உருவாக்கிய ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2011இல் வெளியிட்ட 'டார்க் சோல்ஸ்' விளையாட்டின் அனோர் லோண்டோ பகுதியில், வாளேந்தி நேருக்கு நேர் மோதும் வெள்ளிக் கவச வீரன், கால் வைக்கவே இடமில்லாத மதில் விளிம்பில் பெரிய வில்லோடு நிற்கும்போது, எய்யும் அம்பு நம்மைப் பள்ளத்தில் தள்ளிவிடுவதால், முற்றிலும் வேறொரு எதிரியாகிவிடுகிறான். நல்ல வடிவமைப்பு என்று நான் மதிப்பது இதைத்தான். 'எல்டன் ரிங்'கில் மார்கிட் என்ற முக்கிய எதிரி, ஓங்கிய கோலை உடனே இறக்காமல் தாமதித்து, பதற்றத்தில் முன்கூட்டியே உருண்டு விலகுபவரைச் சரியாக அடிப்பதும் அத்தகைய நுட்பமே. ஆனால், அதே விளையாட்டில் எர்ட்ட்ரீ அவதார் என்ற பெரிய எதிரி, வரைபடத்தின் பல மூலைகளில் ஏறத்தாழ அதே அசைவுகளோடு எதிர்ப்படுவதால், முதல் மோதலில் இருந்த திகைப்பு போகப்போக நீர்த்துவிடுகிறது. அங்கே உங்கள் குறை முழுக்க நியாயமானது.