அமெரிக்காவில் முடிந்த பழைய விவாகரத்தின் தீர்ப்பு நகலைக் கவுண்டி கோர்ட்டில் எப்படித் தேடி வாங்குவது?

அக்காவின் விவாகரத்து 2010 வாக்கில் கலிபோர்னியாவில் முடிந்தது, காகிதம் தொலைந்துவிட்டது, இப்போது சென்னையில் மறுமணப் பதிவுக்குக் கேட்கிறார்கள், மாநில சுகாதாரத் துறைக்கு எழுதினால் "எங்களிடம் இல்லை" என்று பதில் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் சொன்னது சரிதான். அந்தத் துறையிடம் 1962 முதல் 1984 ஜூன் வரை பதிவான விவாகரத்துகளுக்கு மட்டுமே குறிப்பு இருக்கிறது. அதிலும் கிடைப்பது இருவர் பெயர், கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு), கேஸ் நம்பர் உள்ள ஒரு தாள். அது தீர்ப்பு அல்ல.

பிறப்பு, இறப்புச் சான்றிதழ் போல இதையும் ஏதோ ஒரு பதிவு அலுவலகம் வைத்திருக்கும் என்று நினைத்துத்தான் பலர் மாதக்கணக்கில் அலைகிறார்கள். விவாகரத்து ஒரு வழக்கு. வழக்கு எந்தக் கவுண்டியில் போடப்பட்டதோ அந்தக் கவுண்டியின் சுப்பீரியர் கோர்ட் கிளார்க்கிடம்தான் வழக்குக் கட்டு இருக்கும். தாலி கட்டியது மயிலாப்பூரிலா, லாஸ் வேகாஸிலா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எந்தக் கவுண்டி என்று தெரியாவிட்டால் சட்டமே ஒரு துப்பு தருகிறது. கலிபோர்னியாவில் விவாகரத்து கேட்க, இருவரில் ஒருவராவது மாநிலத்தில் 6 மாதமும், மனு போடும் கவுண்டியில் 3 மாதமும் குடியிருந்திருக்க வேண்டும். ஆகவே மனு போட்ட சமயத்தில் இருவரும் எந்தெந்த முகவரியில் இருந்தார்கள் என்று பழைய வாடகை ஒப்பந்தம், டபிள்யூ-2 (வேலை கொடுத்தவர் தரும் வருடாந்திரச் சம்பள, வரித் தாள்), வங்கிக் கடிதம் எதிலாவது பாருங்கள். வேலை பார்த்த ஊரை வைத்துத் தேடாதீர்கள். சன்னிவேல், குபர்டினோ, மில்பிடாஸ் எல்லாம் சான்டா கிளாரா கவுண்டி. பக்கத்தில் இருக்கும் ஃப்ரீமான்ட் அலமேடா கவுண்டி. டப்ளின் அலமேடா, அதை ஒட்டிய சான் ரமோன் கான்ட்ரா கோஸ்டா. மனு போட்டவர் கணவர் என்றால், பிரிந்த பிறகு அவர் குடிபோன கவுண்டியையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது பெயர். நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். கோர்ட் அட்டவணை கடைசிப் பெயரை வைத்து ஓடுகிறது. நமக்கோ கடைசிப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயர், கணவர் பெயர், சில சமயம் சொந்தப் பெயரே அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தவர்களுக்கு முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யு' (FNU, முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்) என்று விழுந்திருக்கும். எனவே அக்கா பெயரைக் கணவரின் பெயரோடும் அப்பா பெயரோடும் தனித்தனியாகத் தேடுங்கள். முதலையும் கடைசியையும் மாற்றிப் போட்டுத் தேடுங்கள். 'ராஜ்குமார்' ஒரே சொல்லாகவும், நடுவில் இடம் விட்டும். 'செந்தில்' என்பதை Senthil என்று ஒரு தடவை, Sendhil என்று ஒரு தடவை. பிறகு இதே வேலையைக் கணவரின் பெயருக்கும் செய்யுங்கள், ஏனென்றால் ஒரு பக்கம் தப்பாக டைப் ஆகியிருந்தாலும் மறுபக்கம் சிக்கும். தீர்ப்பில் அக்கா தன் பழைய பெயரைத் திரும்பப் பெற்றிருந்தாலும், அட்டவணையில் இருப்பது மனு போட்ட நாளில் இருந்த பெயர்தான்.

பெயரைப் போட்டால் கேஸ் நம்பரும், என்னென்ன தாக்கல் ஆனது என்ற பட்டியலும் பல கவுண்டிகளின் தளத்தில் கிடைக்கும். சான்டா கிளாராவில் நம்பரின் நடுவே 'எஃப்எல்' என்று இருக்கும். அதுதான் குடும்ப வழக்கு என்பதன் அடையாளம். அதற்கு மேல் தீர்ப்பையே வீட்டிலிருந்து திறந்து பார்க்க முடியாது. கலிபோர்னியா கோர்ட் விதி 2.503, குடும்ப வழக்குகளின் ஆவணங்களைப் பொதுமக்கள் வெளியிலிருந்து இணையத்தில் பார்ப்பதைத் தடுக்கிறது. கோர்ட்டுக்கு நேரில் போனால் அங்கிருக்கும் கணினியில் பார்க்கலாம். "எல்லாம் ஆன்லைனில் இருக்கிறது" என்று கீழே கருத்து எழுத வருபவர்கள் இதைக் கவனிக்கவும். ஆள் தேடித் தருகிறோம் என்று பணம் கேட்கும் தளங்களிடம் இருப்பதும் இதே அட்டவணைத் தகவல்தான். கோர்ட் முத்திரை வைத்த நகலை அவர்களால் தயாரிக்க முடியாது.

எந்தக் காகிதம் என்று பெயர் சொல்லிக் கேட்பது முக்கியம். "டைவர்ஸ் பேப்பர்" என்று கேட்டால் மனுவின் நகலைக்கூடக் கொடுத்துவிடலாம். நீங்கள் கேட்க வேண்டியது எஃப்எல்-180 என்ற ஜட்ஜ்மென்ட் படிவமும் அதன் இணைப்புகளும். படிவ எண் வலது மேல் மூலையில் இருக்கும். அதோடு வரும் எஃப்எல்-190 தீர்ப்பு பதிவானதைத் தெரிவிக்கும் அறிவிப்பு. அதை மட்டும் வாங்கி வந்தால் போதாது. கல்யாணமாகி 5 வருடத்துக்குள், குழந்தை இல்லாமல், இருவரும் சேர்ந்து மனு போட்ட சுருக்க முறை என்றால் எஃப்எல்-180 இருக்காது, எஃப்எல்-825 இருக்கும்; 2012க்கு முன் போட்ட மனு என்றால் எஃப்எல்-820. சில கட்டுகளில் முதலில் திருமண பந்தத்தை மட்டும் முடித்து, சொத்து விஷயத்துக்குப் பின்னால் இன்னொரு தீர்ப்பு வந்திருக்கும். உங்களுக்கு வேண்டியது பந்தத்தை முடித்த தீர்ப்பு.

கையில் வந்ததும் இரண்டு தேதிகளைப் பாருங்கள். நீதிபதி கையெழுத்திட்ட தேதி ஒன்று, திருமண நிலை முடிவடையும் தேதி இன்னொன்று. எதிர்த்தரப்புக்குச் சம்மன் சேர்ந்து 6 மாதம் கழியாமல் பந்தம் முடியாது என்பதால், மார்ச்சில் கையெழுத்தான தீர்ப்பில் முடிவுத் தேதி மே மாதமாக இருக்கலாம். மறுமணப் பதிவிலும் குடியேற்றப் படிவங்களிலும் எழுத வேண்டியது இந்த இரண்டாவது தேதி.

கோர்ட் தளத்தில் பார்த்த தாக்கல் பட்டியலில் ஜட்ஜ்மென்ட் என்ற வரியே இல்லாவிட்டால் நகல் கேட்டுப் பயனில்லை. 6 மாதம் ஆனால் தானாக விவாகரத்து ஆகிவிடும் என்று நம்பி, கடைசிப் படிவங்களைத் தாக்கல் செய்யாமல் ஊர் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் சட்டப்படி அக்கா இன்னும் மணமானவர்தான். அங்கே ஒரு குடும்ப வழக்கு வக்கீலைப் பிடித்து வழக்கை முடித்த பிறகே மற்றது.

கட்டணம் பெரிதில்லை. விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு 15 டாலர், அதோடு பக்கத்துக்கு 50 சென்ட். கேஸ் நம்பர் இல்லாமல் கேட்டு, தேட 10 நிமிடத்துக்கு மேல் ஆனால் இன்னொரு 15 டாலர். தொகை மாறக்கூடியது, அனுப்பும் முன் அந்தக் கோர்ட்டின் கட்டணப் பட்டியலைப் பாருங்கள். சொத்து ஒப்பந்தம் இணைத்த தீர்ப்பு 30, 40 பக்கம்கூடப் போகும் என்பதால் பக்க எண்ணிக்கையை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. தபாலில் கேட்டால் கடிதத்தில் கேஸ் நம்பர், இருவர் பெயர், தீர்ப்பு வருடம், எத்தனை நகல் எல்லாம் இருக்க வேண்டும். இந்திய வங்கிச் செக்கும், இந்தியத் தபால்தலை ஒட்டிய பதில் உறையும் அங்கே செல்லாது. டாலர் செக், அமெரிக்கத் தபால்தலை ஒட்டிய உறை இரண்டையும் அங்கிருக்கும் நண்பர் மூலம் அனுப்புங்கள். பழைய கட்டுகள் கிடங்கிலோ மைக்ரோஃபில்மிலோ இருக்கும். எடுத்து வர நாளாகும்.

முன்னாள் கணவரின் சம்மதம் இதற்குத் தேவையில்லை. கலிபோர்னியாவில் இது பொது ஆவணம், நீங்களே கேட்கலாம். எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரும் விசா) வாழ்ந்து பிரிந்த பெண்களிடம் பெரும்பாலும் ஒரு காகிதமும் இருப்பதில்லை. வரிக் கணக்கு முதல் வழக்குக் கட்டு வரை எல்லாம் கணவரின் மின்னஞ்சலில். பிறகு பத்து வருடம் கழித்து, சொந்தத் தீர்ப்பின் நகலுக்காக அவரிடமே கெஞ்சச் சொல்கிறார்கள் உறவினர்கள். அது தேவையே இல்லாத அவமானம், அக்காவிடம் இதை அவசியம் சொல்லுங்கள். வக்கீல் வைக்காமல் செய்யலாமா என்று கோபிப்பவர்களுக்கு: நான் சொல்வது நகல் வாங்குவதைப் பற்றி மட்டும்.

வேறு மாநிலம் என்றால் நடைமுறை மாறும். டெக்சாஸில் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம் கேட்க வேண்டும். மாநில அலுவலகம் 1968 முதலான விவாகரத்துகளுக்குத் தருவது சரிபார்ப்புக் கடிதம் மட்டும். அங்கே ஃபிரிஸ்கோ காலின், டென்டன் என்று இரு கவுண்டிகளில் விரிகிறது, இரண்டிலும் தேடுங்கள். நியூயார்க்கில் கவுண்டி கிளார்க். கட்டு 100 வருடத்துக்குப் பொதுவில் திறக்காது, சம்பந்தப்பட்ட இருவரும் அவர்களின் வக்கீல்களும்தான் பார்க்கலாம்.

இந்தியாவில் காட்ட அப்போஸ்டில் வேண்டும், அதாவது ஆவணத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று வெளிநாட்டில் காட்டத் தரும் அரசுச் சான்று. இந்தியா 2005லிருந்து அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருப்பதால், அது இருந்தால் தூதரக முத்திரை தேவையில்லை. கிளார்க்கிடம் நகல் கேட்கும்போதே வெளிநாட்டுக்கு, அப்போஸ்டிலுக்கு என்று சொல்லுங்கள். கையெழுத்திடும் அதிகாரியின் மாதிரிக் கையெழுத்து, அப்போஸ்டில் தரும் கலிபோர்னியா மாநிலச் செயலரிடம் இருக்க வேண்டும். பிறகு கோர்ட் முத்திரை வைத்த அந்த நகலையே, இந்தியாவுக்கு என்று எழுதி, 20 டாலரோடு சாக்ரமென்டோவில் உள்ள அவரது அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். நோட்டரி வைத்த ஜெராக்ஸ் உதவாது. கலிபோர்னியா நோட்டரிக்குக் கோர்ட் ஆவணத்தின் நகலைச் சான்றிட அதிகாரமே கிடையாது.

ஒருதலைப்பட்சமாக, அக்கா ஆஜராகாமல் வந்த தீர்ப்பு என்றால் சார்பதிவாளர் அலுவலகம் போகும் முன் இங்கே ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். இந்து திருமணச் சட்டப்படி மணந்தவர்களுக்கு வெளிநாட்டு விவாகரத்து எப்போது செல்லும் என்பதற்கு உச்ச நீதிமன்றம் 1991ல் வரம்பு வைத்திருக்கிறது. இருவரும் சம்மதித்து ஆஜரான வழக்குகளில் பொதுவாகச் சிக்கல் வருவதில்லை.

இரண்டு சான்றிட்ட நகல்களாக வாங்கிக்கொள்ளுங்கள். வந்ததும் மூலையில் அடித்திருக்கும் ஸ்டேப்பிள் பின்னைக் கழற்ற விடாதீர்கள். ஜெராக்ஸ் கடையில் மெஷினுக்குள் தள்ளுவதற்காகச் சட்டென்று பிரித்துவிடுவார்கள். பின் பிரிந்த கட்டில் தாள் மாற்றப்பட்டதோ என்ற சந்தேகம் வந்து நிராகரிப்பார்கள். ஒவ்வொரு பக்கமாக மடித்துப் பிடித்து, மேலிருந்து ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.