34 மாநிலங்கள் கேட்டால்

அன்புள்ள ஐயா,

நான் ஒஹையோவில் வசிக்கிறேன். அண்மையில்தான் குடியுரிமை கிடைத்தது. அமெரிக்காவில் 34 மாநிலங்கள் மனு போட்டால், அரசியல் சாசனத்தைத் திருத்த ஒரு மாநாட்டை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கூட்டியே ஆக வேண்டுமாம். மத்திய அரசின் கடனுக்குக் கடிவாளம் போட இதைவிட நல்ல வழியில்லை என்கிறார் நண்பர் ஒருவர். எதற்கெடுத்தாலும் டெல்லியைப் பார்த்துக் காத்திருந்த மாநிலத்திலிருந்து வந்த எனக்கு இது கேட்கவே நன்றாக இருக்கிறது. உங்கள் கருத்து என்ன?

ஆர்., கொலம்பஸ்

அன்புள்ள ஆர்.,

மாநிலங்களுக்கு இந்த வழி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 1787 செப்டம்பரில், பிலடெல்பியாவில் சாசனம் முடியும் தறுவாயில், வர்ஜீனியாவின் பிரதிநிதி ஜார்ஜ் மேசன் ஓர் ஆட்சேபம் எழுப்பினார். திருத்தும் அதிகாரம் முழுக்கக் காங்கிரஸ் கையில் இருந்தால், அது அடக்குமுறையில் இறங்கும்போது மக்களுக்கு வேறு கதி இருக்காது என்றார். அதனால்தான் ஐந்தாவது பிரிவில் மாநாடு என்ற வழி சேர்ந்தது. கூட்டாமலேயே அது ஒருமுறை பலனும் தந்திருக்கிறது. காங்கிரஸின் மேலவையான செனட்டின் உறுப்பினர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மாநில மனுக்கள் குவியக் குவிய, அதுவரை அசையாத செனட் இறங்கி வந்தது. 1913இல் 17ஆவது திருத்தம் அமலுக்கு வந்தது. இதுவரையான 27 திருத்தங்களும் காங்கிரஸ் முன்மொழிந்தவைதான்.

ஆனால் இன்றைய நிலையில் மாநாட்டைக் கூட்டுவதை நான் எதிர்க்கிறேன். மாநாட்டுக்குப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பது யார்? மாநிலத்துக்கு ஒரு ஓட்டா, மக்கள்தொகைக்கு ஏற்பவா? கடனைப் பற்றிப் பேசுவதற்காகக் கூடியவர்கள் பேச்சுரிமையில் கைவைத்தால் தடுப்பது யார்? எதற்கும் சாசனத்தில் பதில் இல்லை. விதிகளை வகுக்க செனட்டர் சாம் எர்வின் கொண்டுவந்த மசோதாவை 1971இல் செனட் நிறைவேற்றியது. கீழவையான பிரதிநிதிகள் சபை அதை நிறைவேற்றவில்லை.

எந்தத் திருத்தத்துக்கும் 38 மாநிலங்கள் ஒப்புதல் தர வேண்டுமே, அப்புறம் என்ன பயம் என்று உங்கள் நண்பர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 1787இல் கூடியவர்களும் இந்தச் சாசனத்துக்கு முன் அமலில் இருந்த பழைய கூட்டமைப்பு விதிகளைத் திருத்தத்தான் அனுப்பப்பட்டார்கள். அந்த விதிகளை மாற்ற 13 மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும் என்றிருந்தது. அவர்களோ புதிய சாசனத்தையே எழுதி, 9 மாநிலங்கள் ஏற்றால் போதும் என்று அதிலேயே போட்டுவிட்டார்கள்.

இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது மனுக்களை எண்ணும் விதம். சமநிலை பட்ஜெட், அதாவது வரவுக்கு மேல் செலவு செய்யாத மத்திய பட்ஜெட், கோரும் மனுக்கள் 1983இல் 32ஐத் தொட்டன. பிறகு பல மாநிலங்கள் பின்வாங்கின. 34ஐ எட்டுவதற்காகச் சிலர் கணக்கில் சேர்க்கப் பார்க்கும் பழைய மனுக்களில் ஒன்று, நியூயார்க் 1789இல் அனுப்பியது. புதிய சாசனத்தில் மக்களின் உரிமைகளுக்குப் போதிய பாதுகாப்பு இல்லை என்ற கவலை நிலவிய காலத்து மனு அது. உரிமைகளுக்கான முதல் 10 திருத்தங்கள் 1791லேயே வந்துவிட்டன. அந்தக் காகிதத்தை இன்றைய கடன் கணக்கில் சேர்ப்பது நேர்மையே இல்லை. இறந்துபோன தலைமுறையின் கோரிக்கையை இன்றைய நியூயார்க் மக்களின் விருப்பமாகக் காட்டுவது அது.

மேரிலாந்து 2017இல் தன் பழைய மனுக்கள் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றது. உங்கள் ஒஹையோ 2013இல்தான் சமநிலை பட்ஜெட்டுக்கு மனு போட்டது. உங்கள் தொகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரைப் பார்த்தால், மாநாடு கூடினால் ஒஹையோவின் பிரதிநிதிகளை யார், எப்படித் தேர்ந்தெடுப்பார்கள் என்று கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.