மனித உரிமைச் சட்டம் எங்கே இருக்கிறது?

வணக்கம் ஐயா,

நான் சிங்கப்பூரில் சட்டம் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. மனித உரிமைச் சட்டத்தில் வேலை பார்க்க வேண்டும் என்பது ஆசை. ஜெனிவாவில் ஐ.நா. அமைப்புகளில் பயிற்சியெல்லாம் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. கட்டாய 20 மணி நேர இலவச சட்ட உதவிக்காக வெளிநாட்டு ஊழியர் நல அமைப்பு ஒன்றில் சேர்ந்தேன். சம்பளச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கச் சொல்கிறார்கள். இதில் மனித உரிமைச் சட்டம் எங்கே இருக்கிறது?

வாசகி, கிளமெண்டி

அன்புள்ள வாசகிக்கு,

அந்தச் சீட்டுகளில்தான் இருக்கிறது.

சம்பளம் வராத ஊழியர் முதலில் சமரசப் பேச்சுக்குப் போக வேண்டும். அங்கே முடியாவிட்டால், 2017ல் தொடங்கிய வேலைக் கோரிக்கைத் தீர்ப்பாயம். அதில் யாருக்காகவும் வழக்கறிஞர் வாதாட முடியாது. புதுக்கோட்டையிலிருந்து வந்து கட்டுமானத் தளத்தில் உழைத்த அண்ணன் தனக்காகத் தானே பேச வேண்டும். எதிரே கம்பெனி ஆள் ஃபைலோடு உட்கார்ந்திருப்பார். அண்ணன் கையில் இருக்கப்போவது நீங்கள் அடுக்கிக் கொடுத்த தாள்கள்.

அப்புறம் ஐபிஏ, அதாவது வேலை அனுமதிக்கான முதற்கட்ட ஒப்புதல் கடிதம். மனிதவள அமைச்சு தரும் அந்தக் கடிதத்தில் முதலாளி அறிவித்த அடிப்படைச் சம்பளம் இருக்கும். கைக்கு வருவது அதைவிடக் குறைவு என்று எத்தனையோ பேர் சொல்வார்கள். ஐபிஏவில் உள்ள தொகையையே உண்மையான சம்பளமாகக் கொள்ளலாம், அது உண்மையல்ல என்றால் முதலாளிதான் நிரூபிக்க வேண்டும் என்று 2017ல் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. அந்தத் தீர்ப்பைத் தேடிப் படியுங்கள்.

உங்களிடம் தமிழ் இருக்கிறது. "ஓ.டி. (கூடுதல் நேர வேலை) காசு தரல, பெர்மிட்டை கட் பண்ணிட்டாங்க" என்று ஒருவர் சொன்னால் நடுவில் ஆள் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் உட்கார்ந்து முழுக்கக் கேளுங்கள். சட்டப் பிரிவைச் சொல்லி மறிக்காதீர்கள். ஊரில் ஏஜெண்டுக்குக் கட்டிய பணம், அதற்கான வட்டி, தங்கச்சி கல்யாணம் என்று சுற்றித்தான் வருவார். வரட்டும். புகார் கொடுத்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் அந்தப் பேச்சில்தான் வெளியே வரும். அதைக் கேட்காமலேயே "ஏன் முன்னாடியே சொல்லவில்லை" என்று அதட்டும் வழக்கறிஞராக நீங்கள் ஆகிவிடக் கூடாது.

வாய்ப்பு வந்தால் ஜெனிவாவுக்கும் போங்கள். அதுவரை ஒன்று செய்யுங்கள். வேலையை விட்டவர் கடைசி வேலை நாளிலிருந்து 6 மாதத்துக்குள் கோரிக்கையைப் பதிய வேண்டும். ஆகவே ஒருவர் வந்து உட்கார்ந்ததும் அந்தத் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றதை அவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சொல்லட்டும்.