காகிதம் வந்துவிட்டது, அப்புறம்?

வணக்கம் சார்,

நான் வேதிப்பொறியியல் இறுதியாண்டு மாணவி. ஊர் குளித்தலைப் பக்கம். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து வாழைமட்டையிலிருந்து காகிதம் செய்வதை ப்ராஜெக்டாக எடுத்திருக்கிறோம். தலைப்பு: 'வாழைக் கழிவிலிருந்து சுற்றுச்சூழலுக்கு உகந்த காகிதம்'. மட்டையை நறுக்கி, காஸ்டிக் சோடா போட்டு, பழைய குக்கர் ஒன்றில் மூன்று மணி நேரம் வேகவைத்தோம். அலசி, மிக்ஸியில் அடித்து, கொசுவலை கட்டிய சட்டத்தில் ஊற்றிக் காயவைத்தோம். காகிதம் வந்துவிட்டது. பேனாவால் எழுதியும் பார்த்தோம். மீதிக் கூழை மொட்டைமாடியில் உலர்த்தி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறோம்.

முதல் ரிவ்யூவில் எங்கள் கைடு, "இதை ஏற்கெனவே எத்தனையோ பேர் செய்துவிட்டார்கள், இதில் ஆராய்ச்சி எங்கே இருக்கிறது?" என்று கேட்டுவிட்டார். வேறு நாருக்கு மாறலாமா என்று யோசிக்கிறோம். ஆகாயத்தாமரை, தென்னம்பாளை, சோளத்தட்டை என்று பட்டியல் போட்டிருக்கிறோம். இதில் எது புதிது? எல்லாம் செல்போனுக்குள் வந்துவிட்ட காலத்தில் காகிதத்தைப் படித்து என்ன ஆகப்போகிறது என்று வீட்டில் வேறு கேட்கிறார்கள். நீங்கள் காகித மில்லில் வேலை பார்த்தவர் என்று உங்கள் கட்டுரைகளில் படித்ததால் எழுதுகிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

முதலில் குக்கர். அது அலுமினியமா எவர்சில்வரா என்று நீங்கள் எழுதவில்லை. அலுமினியம் என்றால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரிக்கும், அரிக்கும்போது ஹைட்ரஜன் வரும். மூடி இறுகிய பாத்திரம், அடியில் அடுப்பு. வேதிப்பொறியியல் படிக்கும் உங்களுக்கு மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. எவர்சில்வர் பாத்திரத்தில், மூடியை இறுக்காமல், நிதானமாக வேகவையுங்கள். நேரம் கூட ஆகும், ஆகட்டும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பாத்திரத்தில் இனி யாரும் சோறு வைக்கக் கூடாது.

சரி, ஆராய்ச்சிக்கு வருவோம்.

எதிலிருந்தெல்லாம் காகிதம் செய்யலாம் என்ற கேள்வியை 18-ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் கேட்டு, கிட்டத்தட்ட முடித்தும் வைத்துவிட்டார். ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரில் இருந்த பாதிரியார் யாக்கோப் கிறிஸ்டியன் ஷேஃபர். ஐரோப்பாவில் அப்போது காகிதம் கந்தல் துணியிலிருந்துதான், அந்தத் துணிக்குத் தட்டுப்பாடு வந்திருந்த காலம். 1765-லிருந்து சில ஆண்டுகள் அவர் குளவிக்கூடு, பாசி, முட்செடி, உருளைக்கிழங்கு என்று கையில் அகப்பட்டதையெல்லாம் கூழாக்கிப் பார்த்தார். வந்த தாள்களை மாதிரியாகத் தன் நூல்களிலேயே வைத்துத் தைத்தார். 1800-ல் லண்டனில் மத்தியாஸ் கூப்ஸ் என்பவர் வைக்கோல் காகிதத்தில் ஒரு புத்தகமே அச்சிட்டுக் காட்டினார். காகிதம் வந்தது. அதை நம்பி அவர் கட்டிய மில் சில ஆண்டுகளில் திவாலாகிப்போனது.

அதனால் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். செல்லுலோஸ் நார் இருக்கிற எந்தச் செடியையும் காஸ்டிக் மாதிரி ஒரு காரத்தில் வேகவைத்து அடித்தால் ஏதோ ஒரு தாள் வந்தே தீரும். ஆகாயத்தாமரைக்கு மாறினாலும் உங்கள் கைடு அடுத்த ரிவ்யூவில் இதே கேள்வியைத்தான் கேட்பார். அவர் கேட்டது நியாயம். வாழையிலேயே இருங்கள், கேள்வியை மட்டும் மாற்றுங்கள்.

என்ன கேள்வி என்பதற்கு நீங்கள் வெகுதூரம் போக வேண்டாம். கரூரைத் தாண்டினால் புகளூர் காகிதபுரம். தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979-ல் தொடங்கப்பட்டு, 1984-ல் அங்கே உற்பத்தி ஆரம்பமானது. கரும்புச் சக்கையில் காகிதம் வரும் என்பது அதற்குப் பல காலம் முன்பே உலகத்துக்குத் தெரியும். சிக்கல்கள் வேறு இடத்தில் இருந்தன. சர்க்கரை ஆலைக்காரர் சக்கையைச் சும்மா கொட்டி வைத்திருக்கவில்லை, அதை எரித்துத்தான் தன் பாய்லரை ஓட்டுகிறார். அவரிடமிருந்து சக்கையை வாங்கினால் பதிலுக்கு நிலக்கரியோ நீராவியோ கொடுத்தாக வேண்டும். அந்தக் கொடுக்கல் வாங்கலை ஏற்பாடு செய்தார்கள். அரவை நடப்பது ஆண்டில் சில மாதங்கள்தான், காகித மில்லோ ஆண்டு முழுக்க ஓட வேண்டும். சக்கையில் மிச்சமிருக்கும் இனிப்பு புளித்து நாரைக் கெடுக்கும். அதற்காகச் சக்கையை மலை மலையாகக் குவித்து, காயவிடாமல் தண்ணீர் பாய்ச்சி ஈரமாகவே வைக்கும் முறை வந்தது.

இவற்றையெல்லாம் விடப் பெரிய தலைவலி 'பித்'. கரும்பின் உள்ளே பஞ்சு மாதிரி இருக்குமே, அதுதான். சக்கையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதில் நார் கிடையாது, குட்டையான பை போன்ற செல்கள். வேகவைக்கும்போது காஸ்டிக்கைக் குடிக்கும், மெஷினில் கம்பிவலையை அடைக்கும். எனவே முதலிலேயே அடித்துப் பிரித்து பாய்லருக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

வலை அடைபட்டால் என்ன? இங்கேதான் நீங்கள் நிற்க வேண்டும். காகித மெஷினின் தலைப்பெட்டியிலிருந்து (கூழ்க்கலவையை வலைமேல் பரப்பும் தொட்டி) பாயும் கலவை நூறு கிலோ என்றால் அதில் நார் ஒரு கிலோகூடத் தேறாது. மீதி தண்ணீர். ஓடும் வலையில் ஒரு சில நொடிகளுக்குள் அதில் பெரும்பங்கு வடிந்துவிட வேண்டும். வலையில் வடியாததை உருளைகள் பிழிய வேண்டும். பிழிந்தும் போகாததை நீராவி கொடுத்து உலர்த்த வேண்டும், அந்த நீராவிதான் காசு. கூழிலிருந்து தண்ணீர் மெதுவாக வடிந்தால் மெஷினை மெதுவாக ஓட்டுவார்கள். மெதுவாக ஓட்டினால் டன் குறையும். நான் மில்லில் இருந்த ஆண்டுகளில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் போனில் வந்த கேள்வி "எஸ்.ஆர். என்ன?" என்பதுதான். ஷாப்பர்-ரீக்லர் எண். 2 கிராம் உலர் எடையுள்ள கூழை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து கருவியில் ஊற்றி, எவ்வளவு சுணங்கி வடிகிறது என்று பார்ப்பது. எண் கூடினால் வடிவது மெதுவு. கனடியன் ஃப்ரீனெஸ் என்று இன்னொரு அளவு இருக்கிறது, அதில் 3 கிராம், எண் கூடினால் வடிவது வேகம். இரண்டையும் குழப்பித் தலைகீழாக வரைபடம் போட்ட ப்ராஜெக்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கொசுவலைச் சட்டத்தில் தண்ணீர் வடிய எவ்வளவு நேரம் ஆனது? கடிதத்தில் அது இல்லை. எனக்கு வேண்டியிருந்தது அதுதான். மட்டையை அப்படியே நறுக்கிப் போட்டதால் நாரோடு அதன் சதையும் கூழில் சேர்ந்திருக்கும். கரும்புக்கு பித் எப்படியோ வாழைக்கு அந்தச் சதை அப்படி. வாழைமட்டையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர் என்பதையும் மறக்காதீர்கள். 20 கிலோ மட்டையில் உலர்ந்த பொருள் 2 கிலோ தேறினால் பெரிது, அதிலிருந்து கூழ் ஒரு கிலோ வருவதே கஷ்டம். லாரியில் மட்டையை ஏற்றினால் தண்ணீருக்குத்தான் வாடகை கொடுக்கிறோம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைச் செய்வேன். ஒரே தோட்டம், ஒரே ரகம், ஒரே நாளில் வெட்டிய மட்டை. பாதியை இப்போது செய்தமாதிரி முழுசாக நறுக்கி வேகவைப்பேன். மறுபாதியை நார் உரிக்கும் மெஷினில் கொடுத்துச் சதையை எடுத்துவிட்டு வேகவைப்பேன். நாருக்கு காஸ்டிக் இத்தனை சதவீதம், இத்தனை நேரம் என்பது இரண்டுக்கும் ஒன்றே. எவ்வளவு கூழ் தேறியது, காப்பா எண் என்ன (நார்களை ஒட்டவைத்திருக்கும் லிக்னின் கூழில் எவ்வளவு மிச்சம் என்று பெர்மாங்கனேட்டால் அளப்பது, உங்கள் கெமிஸ்ட்ரி லேபிலேயே முடியும்), எஸ்.ஆர். என்ன, தாளின் இழுவலிமையும் கிழிவலிமையும் என்ன என்று அளப்பேன். சதையை எடுப்பதால் கூழ் எவ்வளவு குறைகிறது, வடிதல் எவ்வளவு கூடுகிறது? இந்த ஒரு கேள்விக்கு நேர்மையான பதில் இருந்தால் எந்த ரிவ்யூவிலும் உட்காரலாம். நேரம் மிச்சமிருந்தால் அந்த வாழைக்கூழை அட்டைப்பெட்டிக் கூழில் நூற்றுக்கு ஐந்து, பத்து, இருபது என்று கலந்து பாருங்கள். கோவை, ஈரோடு வட்டாரத்துச் சிறிய மில்கள் பழைய காகிதத்தை வைத்துத்தான் ஓடுகின்றன, சுழன்று சுழன்று அந்த நார் நொந்துபோயிருக்கும். வாழைக் குடும்பத்து நார் நீளமானது, வலுவானது. டிப் டீ பையின் தாளில் சேர்க்கும் அபாக்கா நார், வாழைக்கு உடன்பிறப்பு. எழுதுகிற காகிதத்துக்கு முழு வாழை என்பதைவிட, பெட்டி அட்டைக்குப் பத்து சதவீத வாழை என்பது எனக்குக் கேட்க ருசியாக இருக்கிறது.

அப்புறம் மிக்ஸி. மிக்ஸி பிளேடு நாரை வெட்டும். நமக்கு வேண்டியது வெட்டு இல்லை, நசுக்கல். நாரின் மேல்தோல் பிரிந்து இழை இழையாக எழும்ப வேண்டும், அப்போதுதான் ஒன்றோடொன்று ஒட்டும். அதற்கென்று பீட்டர் என்ற அடிக்கும் மெஷின் இருக்கிறது, லேபில் அதே வேலைக்கு பி.எஃப்.ஐ. மில் இருக்கிறது. இரண்டும் கிடைக்காவிட்டால் உரலில் போட்டு உலக்கையால் குத்துங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஹாலந்துக்காரர்கள் சுழலும் பீட்டரைக் கொண்டுவருவதற்கு முன்பு ஐரோப்பிய மில்களிலும் உலக்கைதான், தண்ணீர்ச் சக்கரம் அதைத் தூக்கிப் போட்டது.

டப்பாவில் வைத்திருக்கும் அந்தக் கூழைத் தூக்கிப் போடுங்கள். ஒருமுறை முழுசாகக் காய்ந்த நார் மறுபடி நனைந்தாலும் பழையபடி ஊறாது, உள்ளே இருக்கும் நுண்துளைகள் இறுகிவிடும். ஹார்னிஃபிகேஷன் என்பார்கள், கொம்பு மாதிரி இறுகுதல். பழைய காகிதத்திலிருந்து செய்த தாள் வலு குறைவாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கூழைப் பிழிந்து, ஈரத்தோடு பாலிதீன் பையில் கட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒவ்வொரு பையிலிருந்தும் கொஞ்சம் எடுத்து 105 டிகிரி ஓவனில் காயவைத்து, உலர் எடை எத்தனை சதவீதம் என்று பையின்மேலேயே எழுதிவிடுங்கள். சோதனைத் தாளுக்கு உலர் எடை 1.2 கிராம், அது 200 சதுர சென்டிமீட்டர் வட்டத்தில் படிந்தால் சதுர மீட்டருக்கு 60 கிராம். ஈரக்கூழைக் குத்துமதிப்பாக அள்ளிப் போட்டால் ஒரு தாள் 50, ஒரு தாள் 75 என்று வரும், எதை எதோடு ஒப்பிடுவது?

இதில் என் சொந்தக் கதை ஒன்று உண்டு. படிக்கிற காலத்தில் நானும் ப்ராஜெக்ட் செய்தேன். முதல் தொகுதித் தாள்களை வெயில் காலத்தில் சோதித்தேன், அதிகம் அடித்த கூழின் தாள்களை ஐப்பசியில். கூழை அடிக்க அடிக்க இழுவலிமை ஏறும், கிழிவலிமை இறங்கும் என்பது பாடம். எனக்கு நேர்மாறாக வந்தது. புதுசாக ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்து இரண்டு பக்கம் விளக்கம் எழுதினேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்த அட்டவணையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இதைச் சோதிச்ச அன்னைக்கு மழையா?" என்று கேட்டார். காகிதம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறினால் இழுவலிமை விழும், கிழிவலிமை கூடும். தாளை 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருந்து சோதிக்க வேண்டும் என்பது விதி. எங்கள் லேபில் இருந்தது ஒரு சீலிங் ஃபேன். இரண்டு தொகுதியையும் ஒரே நாளில் சோதித்திருந்தால்கூட ஓரளவு தப்பித்திருப்பேன்.

கடைசியாக, தலைப்பில் இருக்கும் 'சுற்றுச்சூழலுக்கு உகந்த'. வேகவைத்தபின் பாத்திரத்தில் கறுப்பாக ஒரு தண்ணீர் நின்றிருக்குமே, அதை எங்கே ஊற்றினீர்கள்? சிங்க்கில் என்றால் அந்த வார்த்தையைத் தலைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். செடியின் பாதி அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது, லிக்னினும் நீங்கள் போட்ட காஸ்டிக்கும் சேர்ந்து. மில்லில் அதற்கு பிளாக் லிக்கர் என்று பெயர். பெரிய மில் அதைச் சுண்டவைத்து எரிக்கிறது, சூடு நீராவியாகிறது, சாம்பலில் தங்கும் சோடாவைச் சுண்ணாம்பு போட்டு மறுபடி காஸ்டிக்காக மாற்றி அடுத்த சமையலுக்கு அனுப்புகிறது. சிறிய மில்லுக்கு அந்த பாய்லர் கட்டுப்படியாகாது. வைக்கோலில் இன்னொரு வம்பு, அதிலிருக்கும் சிலிக்கா கரைந்து வந்து ஆவியாக்கும் குழாய்களில் கல்லாகப் படியும். மரமில்லாத காகிதம் என்றாலே பசுமை என்று எழுதுகிறவர்கள் இந்தக் கறுப்புத் தண்ணீரை ஒருமுறை முகர்ந்து பார்த்தால் தேவலை. உங்கள் அறிக்கையில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: எத்தனை லிட்டர், பி.எச். என்ன, சி.ஓ.டி. (அதிலுள்ள கழிவைச் சிதைக்க எவ்வளவு ஆக்ஸிஜன் வேண்டும் என்ற அளவு) என்ன. வாழைக் காகித ப்ராஜெக்டுகளில் இந்தப் பக்கத்தை நான் அநேகமாகப் பார்த்ததில்லை.

வீட்டில் கேட்ட கேள்விக்கு: செய்தித்தாள் காகிதம் சுருங்கிக்கொண்டிருப்பது உண்மை. அந்தச் செல்போன் வீட்டுக்கு வந்தது அட்டைப்பெட்டியில் என்று சொல்லுங்கள். மேற்படிப்பு என்றால் உத்தரப்பிரதேசத்தின் சஹாரன்பூர். ரூர்க்கி ஐ.ஐ.டி.யின் காகிதத் தொழில்நுட்பத் துறை அங்கேதான் இருக்கிறது, 1964-ல் சுவீடன் உதவியோடு ஆரம்பித்தது. மத்திய அரசின் கூழ், காகித ஆராய்ச்சி நிறுவனமும் அதே ஊர்தான். எஸ்.ஆர். கருவிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், கைடிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு பக்கத்து மில் லேபில் கேட்டுப் பாருங்கள்.

முடிந்தால் இரண்டு வகைத் தாளிலும் ஒவ்வொன்று எனக்குத் தபாலில் அனுப்புங்கள். மஞ்சளாக இருந்தாலும் ஓரம் பிய்ந்திருந்தாலும் பரவாயில்லை. பின்பக்கம் பென்சிலால் எஸ்.ஆர். எண்ணும், சோதித்த தேதியும், அன்றைக்கு மழையா வெயிலா என்பதும் இருக்கட்டும்.